கையெழுத்துக்கு முன்னால்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இறுதிக்காலப் பராமரிப்பும் முன்விருப்ப ஆவணமும்

மீள வழியில்லாத நோயின் கடைசிக் கட்டத்தில் உயிர்காப்புச் சிகிச்சையை வேண்டாம் என்று மறுப்பது கண்ணியத்தோடு வாழும் உரிமையின் பகுதியே என்று 2018 மார்ச் 9 அன்று, ‘காமன் காஸ்’ வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த விருப்பத்தை முன்கூட்டியே ஆவணமாக எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் நீதித்துறை நடுவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்ற விதி, சாமானியர் எவரையும் அதன் பக்கம் அண்டவிடவில்லை. 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் விதிகளைத் தளர்த்தியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரியின் சான்று இருந்தால் இப்போது போதும். பொறுப்பாளராக ஒன்றுக்கு மேற்பட்ட உறவினரைக் குறிப்பிடலாம். சிகிச்சையை நிறுத்தலாமா என்பது பற்றி மருத்துவக் குழுக்கள் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்க வேண்டும். சட்டம் இவ்வளவு இறங்கி வந்த பிறகும், ஊரகப் புதுச்சேரியின் குடும்பங்களுக்கு அது எட்டவில்லை என்றே கருதுகிறேன். வீடுதேடி வரும் பராமரிப்பு முதலில் வர வேண்டும், ஆவணம் அதிலிருந்து பிறக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இப்பகுதியில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. போதாததற்கு அரியூர், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் என, புதுச்சேரியின் ஊரக உள்ளாட்சிப் பகுதிகளான வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் எல்லைக்குள்ளேயே தனியார் மருத்துவக் கல்லூரிகள். எனினும் கடைசி முடிவு பெரும்பாலும் மருத்துவக் குழுவின் முன் எடுக்கப்படுவதில்லை. ‘இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல’ என்று மருத்துவர் சொன்னதும், அல்லது கையிருப்பு கரைந்ததும், ‘உசுரு வீட்டுல போகட்டும்’ என்று குடும்பத்தார் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸ் பிடிக்கிறார்கள். நீதிமன்றம் வகுத்த நடைமுறை மருத்துவமனையைக் கட்டுப்படுத்துவது. நோயாளி வாசலைத் தாண்டியபின் குழுவும் இல்லை, நடுவருக்கு அறிவிப்பும் இல்லை. மூக்கில் உணவுக்குழாய், கட்டிலோரம் சிறுநீர் சேரும் பை, ஆங்கிலத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. இவ்வளவுதான் வீடு வந்து சேர்கின்றன. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும் என்பதையோ, நள்ளிரவில் தொண்டையில் கறகறப்பு எழுந்தால் தலையை ஒருக்களித்து வைக்கலாம் என்பதையோ பல வீடுகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆக, சிகிச்சையை மறுக்கும் சுதந்திரம் இங்கே நடைமுறையில் ஏற்கெனவே இருக்கிறது. மறுத்தபின் கைவிடப்படாமல் இருக்கும் உறுதிதான் இல்லை.

அந்த உறுதியின் முதல் அங்கம் வலி நீக்கம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினைச் சுற்றி எழுப்பிய உரிமக் கெடுபிடிகளால், புற்றுநோயாளிகள் ஒரு தலைமுறைக் காலம் வலியோடே மாண்டார்கள். 2014-இல் வந்த திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் பல உரிமங்களுக்கு அலையாமல் அதை இருப்பு வைக்க வழி செய்தது. சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணிக்கொரு முறை தர வேண்டும்; மலச்சிக்கலுக்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தர வேண்டும். பாகூரில் படுத்திருப்பவருக்காக இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கோரிமேட்டில் வரிசையில் நின்றுதான் அதை வாங்க வேண்டுமென்றால், அந்த வீட்டில் ஒருவரின் அன்றைய கூலி போய்விடும். வேறு வழி உண்டு என்பதற்குக் கேரளம் சான்று. மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத் தன்னார்வலர்களை நம்பி வளர்ந்த இயக்கத்தை 2008-இல் மாநில அரசு தன் கொள்கையாக ஏற்று, உள்ளாட்சிகளிடமும் பொறுப்பைத் தந்தது. தமிழ்நாடு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே தரும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை இருக்கிறது. பாகூரை அடுத்த கடலூர் மாவட்டத்துக்கு அது உண்டு. புதுச்சேரியிலோ, இங்குள்ள ராமநாதபுரம் கிராமத்தில் ஜிப்மர் நடத்தும் ஊரக மையம் போன்ற அடித்தளம் இருக்கையில், இதைத் தொடங்க முடியாது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

கொம்யூன் பஞ்சாயத்துக்கும் சட்டம் ஒரு வேலை தந்திருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை. ஆவணத்தின் நகல் உள்ளாட்சி அமைப்புக்குப் போக வேண்டும். அதைக் காக்க ஓர் அலுவலர் நியமிக்கப்பட வேண்டும். 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் நீண்ட ஆண்டுகள் ஆணையர்களே நடத்திவரும் கொம்யூன்களில், இதை வலியுறுத்தத் தெருவுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஆனால் இந்த நியமனத்துக்குத் தேர்தல் தேவையில்லை, ஆணையரின் ஓர் உத்தரவு போதும். அதே நகல் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருந்தாக வேண்டும். இரவு 108 வண்டி வரும்போது கொம்யூன் அலுவலகம் பூட்டியிருக்கும்.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது ஒன்று. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் முதியவரைத் தலைக்கு எண்ணெய் ஊற்றிக் கொல்லும் ‘தலைக்கூத்தல்’ வழக்கம் பற்றிய செய்திகளைப் படித்த எவருக்கும், இந்த ஆவணம் சொத்துக்குக் காத்திருப்போர் கையில் ஆயுதமாகாதா என்ற அச்சம் வரும். நியாயமான அச்சம்தான். ஆனால் தலைக்கூத்தல் நடப்பது மருத்துவமும் சாட்சியும் எட்டாத மறைவில். அந்த மறைவை நீக்குவது வாரந்தோறும் வீட்டுக்கு வரும் செவிலியர்தான். முதியவரிடம் தனியே பேசவும், வற்புறுத்தலைக் கண்டுகொள்ளவும், கருத்து மாறினால் ஆவணத்தை ரத்து செய்ய உதவவும் அவரால் முடியும். நோட்டரி ஒரு நாள் பார்த்து முத்திரை இடுபவர். அவரால் இது ஆகாது. நம் ஊரில் முடிவு குடும்பத்துடையது, தனிமனிதக் கையெழுத்து இங்கே ஒட்டாது என்பது இன்னொரு மறுப்பு. குடும்பம் என்று நாம் சொல்லும்போது பேசுவது மூத்த மகன். மலஜலம் அள்ளுவது மருமகளோ மகளோ. படுத்திருப்பவரையும் பார்த்துக்கொள்பவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கும் உரையாடல், குடும்பத்தைக் குலைக்காது. அதில் குரலற்றிருந்தவர்களுக்கு இடம் தரும். சாவைப் பற்றிப் பேசினால் நம்பிக்கை போய்விடும் என்ற தயக்கத்தையும் மதிக்கிறேன். அதனால்தான் பேச்சு, மருந்தும் கட்டுத்துணியுமாகப் பலமுறை வந்து போன ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

வில்லியனூர், பாகூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், வீடு செல்ல ஒரு செவிலியர், மார்ஃபின் இருப்புக்கான அங்கீகாரம், கொம்யூனில் பெயர் அறிவிக்கப்பட்ட ஒரு காப்பாளர்: புதுச்சேரி அரசின் நலவாழ்வுத் துறையும் உள்ளாட்சித் துறையும் கூடி இந்த நான்கையும் உடனே செய்ய வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.