ஸ்கார்பியன் (மோர்ட்டல் காம்பாட்)

ஸ்கார்பியன் மோர்ட்டல் காம்பாட் என்னும் சண்டை நிகழ்பட ஆட்டத் தொடரில் இடம்பெறும் கற்பனைக் கதைமாந்தர் ஆவார். 1992 ஆம் ஆண்டு மிட்வே நிறுவனம் வெளியிட்ட முதல் ஆட்டத்திற்காக எட் பூன், ஜான் டோபையாஸ் ஆகியோரால் உருவாக்கப்பட்டார். மஞ்சள் உடை, முகமூடி, கயிற்றில் கட்டிய ஈட்டியை எறிந்து எதிரியைத் தன்பால் இழுக்கும் தாக்குதல் ஆகியன இவரது அடையாளங்கள். 2023 ஆம் ஆண்டு இவரது கதை மாற்றி எழுதப்பட்டது இரசிகர்களிடையே கருத்து வேறுபாட்டை ஏற்படுத்தியது.

மூலக் கதை

முதல் ஆட்டத்தில் ஸ்கார்பியன், சப்-சீரோ ஆகிய இருவராகவும் ஒரே நடிகரே நடித்தார். உடையின் நிறத்தை மாற்றியே இருவரும் வேறுபடுத்தப்பட்டனர். கதையின்படி ஸ்கார்பியனின் இயற்பெயர் ஹான்சோ ஹசாஷி. ஷிராய் ரியூ குலத்தைச் சேர்ந்த இவரை, லின் குவெய் குலத்தின் சப்-சீரோவான பை-ஹான் கொன்றார். ஹான்சோ ஆவியாகத் திரும்பி வந்து அவரைப் பழிவாங்கினார். பின்னர் பை-ஹானின் தம்பி குவாய் லியாங் சப்-சீரோ என்னும் பெயரை ஏற்றார். தன் குடும்பத்தையும் குலத்தையும் அழித்தவன் குவான் சி என்னும் மந்திரவாதியே என்பதை ஹான்சோ பிற்பாடு அறிகிறார். மோர்ட்டல் காம்பாட் எக்ஸ் (2015) ஆட்டத்தில் மனிதராக மீண்டு, குவாய் லியாங்குடன் சமாதானம் அடைகிறார்.

கதை மாற்றம்

நெதர்ரெல்ம் ஸ்டூடியோஸ் உருவாக்கிய மோர்ட்டல் காம்பாட் 1 (2023) ஆட்டத்தில், தீக்கடவுளான லியு காங் உலக வரலாற்றைப் புதிதாகப் படைக்கிறார். இதில் பை-ஹான் சப்-சீரோவாகவும், குவாய் லியாங் ஸ்கார்பியனாகவும் வருகின்றனர். முன்னர் பனியை ஆண்ட குவாய் லியாங் இதில் நெருப்பை ஆள்கிறார். அண்ணன் துரோகம் இழைத்ததால் லின் குவெயை விட்டு விலகி, ஷிராய் ரியூ குலத்தை நிறுவுகிறார். முன்பு ஹான்சோவின் மனைவியாக இருந்த ஹருமி இங்கு குவாய் லியாங்கின் துணையாகிறார். ஹான்சோ சிறுவனாக மட்டுமே காட்டப்படுகிறார்.

இரசிகர் கருத்துக்கள்

ஸ்கார்பியன் என்பது உடையோ ஈட்டியோ அன்று, மனைவியையும் மகனையும் இழந்த ஒருவரின் துயரமே என்பது மாற்றத்தை எதிர்ப்போரின் வாதம். அத்துயரம் இல்லாத ஒருவருக்கு அப்பெயரைச் சூட்டியது பொருந்தவில்லை என்று இவர்கள் கருதுகின்றனர். பனிவீரரான குவாய் லியாங்கையும் சேர்த்து இரண்டு விருப்பமான மாந்தர்களை ஒருசேர இழந்துவிட்டதாகக் குறைகூறுவோரும் உளர்.

ஹான்சோவின் பழிவாங்கும் கதை முந்தைய ஆட்டங்களிலேயே நிறைவுற்றது, அதை மீண்டும் சொல்வதில் பயனில்லை என்பது ஆதரிப்போரின் வாதம். முன்பு இரு குலங்களின் பகையாக இருந்தது இப்போது உடன்பிறந்தோரின் பகையாகி மேலும் ஆழம் பெற்றுள்ளது என்பர். சப்-சீரோ என்னும் பெயர் அண்ணனிடமிருந்து தம்பிக்கு முன்னரே கைமாறியதையும் இவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். ஆயினும் அக்கைமாற்றம் அண்ணனின் மரணத்தால் கதைக்குள்ளேயே நிகழ்ந்தது. ஹான்சோவோ கதை தொடங்கும் முன்பே விலக்கப்பட்டார் என்பது எதிர்ப்போரின் மறுமொழி ஆகும்.