மெய்நிகர் கணினியில் திரையின் அளவைத் தீர்மானிப்பது யார்?

மெய்நிகர் கணினியில் லினக்ஸையோ விண்டோஸையோ நிறுவி முடித்ததும் பலரும் முதலில் முட்டிக்கொள்வது திரையில்தான். சாளரத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் டெஸ்க்டாப் 800×600 அளவிலேயே நடுவில் கிடக்கும், சுற்றிலும் வெற்றிடம். கைக்குக் கிடைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதே பெரும்பாலோர் வழக்கம். திரையின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை காலப்போக்கில் யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்று பார்த்தால், ஒரு கோளாறு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் அதன் அறிகுறியிலிருந்தே சொல்லிவிட முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். அசல் கணினியை ஹோஸ்ட் என்றும், அதனுள் ஓடும் மெய்நிகர் கணினியை கெஸ்ட் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

தொடக்க காலத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. 1972இல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370 ஒவ்வொரு பயனருக்கும் தனி மெய்நிகர் கணினியைக் கொடுத்தது. ஆனால் அவர் முன்னால் இருந்தது எழுத்து முனையம். அளவை அந்த முனையமே முடிவு செய்துவிட்டது.

சிக்கல் தனிநபர் கணினியோடு வந்தது. 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளில் விஜிஏவை அறிமுகப்படுத்தியது: 640×480 பிக்சல், 16 நிறம். அதைத் தாண்டிய அளவுகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் செய்ய, 1989இல் உருவான வெசா அமைப்பு எல்லா அட்டைகளுக்கும் பொதுவான பயாஸ் அழைப்புகளை வகுத்தது. தனி டிரைவர் இல்லாமலேயே 800×600, 1024×768 போன்ற அளவுகளைக் கேட்டுப் பெற முடிந்தது. இந்த எண்கள் இன்றும் நம்மைத் தொடர்வதற்கு இதுவே காரணம். சரியான டிரைவர் கிடைக்காத கெஸ்ட் இந்தப் பழைய பொதுப்பாதைக்கே திரும்புகிறது.

1990களின் இறுதியில் கனெக்டிக்ஸின் விர்ச்சுவல் பிசியும் விஎம்வேரும் மேசைக் கணினிக்குள் இன்னொரு கணினியைக் கொண்டுவந்தன. கெஸ்டுக்கு எந்த வீடியோ அட்டையைக் காட்டுவது என்ற கேள்விக்கு அன்றைய எளிய விடை, சந்தையில் உள்ள ஓர் அட்டையை அப்படியே போலச் செய்வது. விர்ச்சுவல் பிசி எஸ்3 ட்ரியோவைக் காட்டியது. பின்னர் வந்த கீமு என்ற எமுலேட்டர், சிரஸ் லாஜிக் அட்டையைக் காட்டியது. அவற்றின் டிரைவர் இயங்குதளங்களில் ஏற்கெனவே இருந்தது பெரிய வசதி. ஆனால் அட்டையைப் போலச் செய்தவர்கள் அதன் குறைகளையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிரஸ் அட்டையின் நினைவகம் 4 எம்பி, அதாவது 41,94,304 பைட். 1280×1024 திரையில் 13,10,720 பிக்சல்கள். பிக்சலுக்கு 3 பைட் என்றால் 39,32,160 பைட், இடம் போதும். இன்று வழக்கமான 4 பைட் என்றால் 52,42,880, போதாது. ஆகவே 32 பிட் நிறத்தை மட்டுமே விரும்பும் புதிய டெஸ்க்டாப்புக்கு அந்த அட்டையில் 1280×1024 கிடையாது. அமைப்புகள் பக்கத்தில் அந்த அளவு ஏன் பட்டியலிலேயே இல்லை என்று தேடுபவருக்கு விடை இந்தப் பெருக்கலில் இருக்கிறது. கீமு 2014இல்தான் சிரஸை இயல்புநிலையிலிருந்து நீக்கியது. என் பார்வையில் அது மிகத் தாமதமான முடிவு. அதன் இடத்துக்கு வந்த அட்டைக்கும் இயல்பாக 16 எம்பிதான். 2560×1600 அதில் மயிரிழையில் அடங்கும்; ஏறத்தாழ 32 எம்பி கேட்கும் 3840×2160 அடங்காது. பெரிய அளவு மட்டும் வர மறுத்தால் முதலில் வீடியோ நினைவகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்த கட்டத்தில், எந்தக் கடையிலும் விற்காத அட்டைகள் பிறந்தன. பாக்ஸ் என்ற திறந்தமூல எமுலேட்டர் இரண்டு ஐ/ஓ முகவரிகளை மட்டும் வைத்து ஓர் இடைமுகத்தை வகுத்தது. அகலம், உயரம், நிற ஆழம் மூன்றையும் எண்களாக எழுதினால் போதும். முன்கூட்டிய பட்டியல் தேவையில்லை. விஎம்வேரின் எஸ்விஜிஏ அட்டையும் இதே போக்கில் அமைந்தது. இப்போது எந்த அளவும் சாத்தியம். ஆனால் அதைக் கேட்கத் தெரிந்த டிரைவர் கெஸ்டுக்குள் வேண்டும். கெஸ்டுக்குள் நிறுவும் விஎம்வேர் டூல்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் அடிஷன்ஸ் ஆகிய தொகுப்புகள் இந்தத் தேவையிலிருந்து வளர்ந்தவை.

டிரைவர் மட்டும் இருந்தால் போதாது. பயனர் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார் என்ற செய்தி கெஸ்டுக்குள் போய்ச் சேர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் அதை ஏற்று அளவை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். லினக்ஸ் உலகில் எக்ஸ் சாளர அமைப்பின் திரை அளவு அதுவரை தொடக்கத்திலேயே உறைந்துவிடும். ஜிம் கெட்டிஸும் கீத் பேக்கர்டும் 2001இல் விளக்கிய ரேண்ட்ஆர் நீட்சி அந்த உறைவை உடைத்தது. அவர்கள் மனத்தில் இருந்தவை கைக்கணினிகளும் மடிக்கணினிகளும். ஆனால் அதனால் பெரும்பயன் பெற்றவற்றில் மெய்நிகர் கணினியும் ஒன்று. 2009இல் திரை முறையை அமைக்கும் வேலை லினக்ஸ் கெர்னலுக்குள் போனது. 2015இல் மெய்நிகர் கணினிக்கென்றே எழுதப்பட்ட விர்ட்ஐஓ-ஜிபியு டிரைவர் கெர்னலில் சேர்ந்தது. இவற்றோடு தீர்மானம் கெஸ்டின் கையிலிருந்து ஹோஸ்டின் சாளரத்துக்கு மாறியது எனலாம்.

இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்பதே சோதிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. பட்டியலில் 800×600, 1024×768 போன்ற பழைய எண்கள் மட்டும் தெரிந்தால் டிரைவர் ஏறவில்லை என்று ஐயப்படலாம். கெஸ்டில் கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, கெஸ்ட் அடிஷன்ஸ் அதற்கேற்ப மறுபடி தொகுக்கப்படாதபோது இது அடிக்கடி நேரும். எந்த மெய்நிகர் வீடியோ அட்டை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்: விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 முதல் லினக்ஸ் கெஸ்டுக்கு விஎம்எஸ்விஜிஏவும், விண்டோஸ் கெஸ்டுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏவும் பொருந்தும். பழைய மெய்நிகர் கணினியை அப்படியே கொண்டுவந்தவர்கள் அமைப்பில் இதைச் சரிபார்க்க வேண்டும். கையால் எந்த அளவையும் தேர்ந்தெடுக்க முடிகிறது, சாளரத்தை இழுத்தால் மட்டும் மாறவில்லை என்றால் டிரைவர் நலமாகவே இருக்கிறது. செய்தியைக் கொண்டுசெல்லும் பின்னணி நிரல் ஓடவில்லை, அல்லது அந்த டெஸ்க்டாப் சூழல் செய்தியைக் கவனிக்கவில்லை. இந்த நிலையில் டிரைவரை மீண்டும் மீண்டும் நிறுவுவது வீண் உழைப்பு.

2012இல் ஆப்பிள் 2880×1800 பிக்சல் கொண்ட ரெட்டினா மேக்புக் ப்ரோவை வெளியிட்டபோது வேறொரு வகைக் கோளாறு பரவலானது. அளவு சரியாக வந்தது, எழுத்து எறும்பளவு ஆனது. திரையில் அங்குலத்துக்கு 220 பிக்சல்; கெஸ்டோ பழைய வழக்கப்படி 96 என்றே எண்ணிக்கொண்டிருந்தது. இதற்கு அவசர மருந்தாக ஹோஸ்ட் படத்தை இழுத்துப் பெரிதாக்கும். 1024×768 படத்தை 1920×1080 முழுவதும் பரப்பினால் அகலம் 1.875 மடங்கும் உயரம் 1.406 மடங்கும் விரியும். வட்டம் முட்டையாகும், ஒரு பிக்சல் இரண்டுக்கு நடுவே கலங்கும். தமிழ் எழுத்தில் இதன் பாதிப்பு கூடுதல். சிறிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு பிக்சல்தான். அது கரைந்துவிட்டால் ‘க்’ எது, ‘க’ எது என்று கண் தடுமாறும்.

எனவே ஹோஸ்டில் படத்தை இழுக்கும் ஸ்கேல் முறையை அணைத்துவிட்டு, திரையின் முழுப் பிக்சல் எண்ணிக்கையைக் கெஸ்டுக்குக் கொடுத்து, 150 அல்லது 200 சதவீதப் பெரிதாக்கத்தைக் கெஸ்டின் அமைப்புகளுக்குள்ளேயே செய்வதுதான் சரியான வழி. எழுத்துருவை அந்த அளவில் புதிதாக வரைய கெஸ்டால் மட்டுமே முடியும். திரையின் நிஜ அகல உயரத்தைச் சொல்லும் இடிஐடி தரவை, கீமு 2018 முதல் தானே உருவாக்கிக் கெஸ்டுக்குத் தரத் தொடங்கியது. ஆனால் அடர்த்தி வேறுபட்ட இரண்டு திரைகளுக்கிடையே சாளரத்தை நகர்த்தும்போது புதிய பிக்சல் எண்ணிக்கை கெஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும், பெரிதாக்க விகிதத்தைப் பல சமயம் பயனர் தம் கையாலேயே மாற்ற வேண்டியிருக்கிறது.