கல்லில் ஒரு கட்டளை, கோப்பில் ஒரு கட்டளை

கணினித் துறையினர் அன்றாடம் ஆளும் 'கட்டளை' என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு வாழ்வும் உண்டு. கோயிலில் ஒரு பூசையோ அன்னதானமோ தடையின்றி நடப்பதற்கென நிலமோ பொருளோ ஒதுக்கிச் செய்யும் ஏற்பாட்டுக்கும் கட்டளை என்றே பெயர். இவ்விரு பொருளையும் ஒருசேர நினைவூட்டும் வட்டாரம் விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம்.

அவ்வூரின் பாடலீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அதனை அடுத்த எண்ணாயிரத்தின் நரசிம்மர் கோயிலிலோ, முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கு நடந்த கல்லூரியின் ஏற்பாடுகள் பொறிக்கப்பட்டுள்ளன. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். இளைய மாணவர் 270 பேர். அவர்களுள் ருக் வேதத்துக்கு 75, யசுர் வேதத்துக்கு 75, இலக்கணத்துக்கு 40 என இடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அவர்களுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஆறு நாழி நெல். அதாவது மொத்தம் 1,620 நாழி. முதுநிலை மாணவர் 70 பேருக்கு ஒரு குறுணி இரு நாழி. இச்செலவுக்கென 45 வேலி நிலம். யாருக்கு, எவ்வளவு, எதிலிருந்து என்ற மூன்றும், பணி நடக்கும் இடத்திலேயே எழுதப்பட்டன. கணக்கறிந்தவர் மறைந்தாலும் கணக்கு மறையாது என்பதே நோக்கம்.

1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எதிர்கொண்டதும் இதே மறதிதான். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், முன்பே திருத்திவிட்ட பிழை ஒன்றைத் தேடி ஒரு காலைப் பொழுதை இழந்தார். திருத்திய கோப்பை மீண்டும் தொகுக்க மறந்ததே காரணம். அதன் விளைவாக ஃபெல்ட்மன் எழுதிய கருவி 'மேக்'. எதை உருவாக்க வேண்டும், அதற்கு எவை முன்தேவை, என்னென்ன கட்டளைகள் என்பவற்றை 'மேக்ஃபைல்' என்ற கோப்பில் எழுதி, நிரல்களோடு ஒரே இடத்தில் வைத்துவிடலாம். முன்தேவைகளில் எது புதிதாக மாறியதோ, அதனைச் சார்ந்தவற்றை மட்டும் கருவி மீண்டும் உருவாக்கும். கல்வெட்டைப் படித்து ஒருவர் நெல் அளக்க வேண்டும். மேக்ஃபைலைக் கருவியே படித்துச் செய்து முடிக்கும். வேறுபாடு அவ்வளவே.

எழுதிவைத்தால் பிழையும் நிலைத்துவிடும். மேக்ஃபைலில் கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டேப்' இடைவெளியுடன் தொடங்கியாக வேண்டும். அதற்குப் பதில் வெற்றிடங்களை இட்டால் கருவி ஏற்காது. அது தொல்லை என்பதைச் சில வாரங்களிலேயே ஃபெல்ட்மன் உணர்ந்தார். ஆயினும் அப்போதிருந்த பத்துப் பன்னிரண்டு பயனர்களுக்கு இடையூறு வேண்டாமென்று மாற்றாமல் விட்டார். அந்தத் தயவின் விலையை உலகெங்குமுள்ள நிரலாளர்கள் இன்றும் செலுத்திவருகிறார்கள்.

2000-இல் 'ஆன்ட்', 2003-இல் ஜிம் வைரிக்கின் 'ரேக்', 2016-இல் கேசி ரோடார்மோரின் 'ஜஸ்ட்' எனப் பின்னர் வந்த கருவிகள் பல. 'ஜஸ்ட்' கோப்புகளின் வயதைப் பார்ப்பதில்லை. திட்டத்துக்குரிய பணிகளைப் பெயர் சொல்லி அழைத்தால் நடத்தித் தருவதோடு நின்றுவிடும். எனினும் கட்டளைகளைத் திட்டத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் வழக்கம் மாறவில்லை.

தாம் அளித்த கொடை சந்திரர் சூரியர் உள்ளவரை நிற்க வேண்டுமென்று சோழர் காலத்தார் கல்லில் வெட்டினர். எண்ணாயிரத்தில் இன்று அக்கல்லூரி இல்லை; அது நடந்த முறை நமக்குத் தெரிகிறது. ஃபெல்ட்மனோ பன்னிரண்டு பேரை மனத்தில் கொண்டு எழுதினார். நாம் இன்று எழுதும் கோப்பை நாளை திறக்கப் போகிறவர் யாரென்று நமக்கும் தெரியாது. அவருக்காகவும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.