உபலமும் ஓபலும்: ஒரு சொல்லை வைத்து ஒரு மணிக்கு வரலாறு எழுதலாமா?

‘ஓபல்’ என்னும் பெயர் வடமொழி ‘உபல’ என்பதிலிருந்து பிறந்தது. ஆகவே அந்த மணி இந்தியாவுக்கே உரியது. நம் முன்னோர் அதைத் தொன்றுதொட்டு அணிந்து வந்தனர். இராசிக்கல் விளம்பரங்களில் இந்த வாதம் காணப்படுவதில் வியப்பில்லை. ஆய்வு மாணவர்களின் கட்டுரைகளிலும் அது நுழையத் தொடங்கியிருப்பதால் இப்பதிவை எழுத நேர்ந்தது. வாதத்தின் முதற்பகுதியைச் சொற்பிறப்பு அகராதிகள் பலவும் ஏற்கின்றன. பிற்பகுதி அதிலிருந்து பெறப்படுவதே அன்று.

வேள்வி நூல்களில் ‘த்ருஷத்’, ‘உபலா’ என்னும் சொல்லிணை பயின்று வருகிறது. தானியத்தை மாவாக்கும் கீழ்க்கல்லும் மேற்கல்லும் அவை. நம் வழக்கில் சொன்னால் அம்மியும் குழவியும். ‘உபல’ என்னும் வடிவம் பொதுவாகக் கல்லையும், சிலபோது மணிக்கல்லையும், ஆலங்கட்டியையும்கூடக் குறித்தது. தமிழில் ‘உபலம்’ என்பதற்கு அகராதிகள் தரும் பொருளும் கல் என்பதே. ஆக, கிரேக்கர் ‘ஒபாலியோஸ்’ என்றும் உரோமர் ‘ஒபாலுஸ்’ என்றும் எழுதிய சொல் உபலவே ஆயினும், குறிப்பிட்ட ஒரு மணியின் பெயராக அது இங்கிருந்து புறப்பட்டதற்குச் சான்றில்லை. துறைமுகத்தில் ஒருவன் ‘கல்’ என்று சொன்னது மறுகரையில் ஒரே ஒரு கல்லின் பெயராகியிருக்கக்கூடும். கடல் கடக்கும் சொற்களுக்கு இவ்வாறு பொருள் குறுகுவது புதிதன்று.

இந்திய மூலத்தை வலியுறுத்துவோர் அடுத்துக் காட்டும் சான்று மூத்த பிளினி. கி.பி. முதல் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘இயற்கை வரலாறு’ நூலின் 37ஆம் தொகுதியில் ஓபலுக்குத் தனி இடம் உண்டு. மாணிக்கத்தின் தீயும், செவ்வந்திக்கல்லின் ஊதாவும், மரகதத்தின் பசுமையும் ஒரே கல்லில் கூடி ஒளிர்வதாக அவர் வியக்கிறார். நோனியஸ் என்னும் செனட்டர் தம் மோதிரத்து ஓபல் ஒன்றை மார்க் ஆண்டனிக்குத் தர மனமின்றி, அனைத்தையும் விட்டு அந்த மோதிரத்துடன் மட்டும் நாடு துறந்தார் என்ற கதையும் அங்கேதான் வருகிறது. இந்த மணியின் தாயகம் இந்தியா என்று பிளினி கூறுவது உண்மையே. ஆயின் அதே பகுதியில் வரும் வேறு இரு செய்திகளை மேற்கோள் காட்டுவோர் கண்டும் காணாமல் விடுகின்றனர்.

ஒன்று, கண்ணாடியைக் கொண்டு இந்தியர் போலி செய்வதில் உண்மைக்கு மிக நெருங்கி வருவது ஓபலே என்கிறார் பிளினி. படிகத்துக்குச் சாயமேற்றி இந்தியர் பிற மணிகளைப் போலச் செய்வதையும் அவர் வேறோர் இடத்தில் குறிக்கிறார். அவ்வாறாயின், உரோமச் சந்தையில் ‘இந்திய ஓபல்’ என விலைபோனவற்றுள் எத்தனை கல், எத்தனை கண்ணாடி? மற்றொன்று, ஓபலை ஒத்த ‘பைதெரோஸ்’ என்பதைத் தனி வகையாகக் கொள்வோர், இந்தியர் அதற்குச் ‘சங்கேனோன்’ என்று பெயர் வழங்குவதாகக் கூறுகின்றனராம். இந்தியப் பெயர் என்று வெளிப்படையாகச் சொல்லி அவர் இங்கே தருவது உபலத்தை அன்று!

இனி இந்திய நூல்களுக்கு வருவோம். வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை (6ஆம் நூற்றாண்டு) 22 மணிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஓபல் என்று உறுதியாக அடையாளம் காணத்தக்கது எதுவுமில்லை. நவமணிகளிலும் அதற்கு இடமில்லை. மதுரை அணிகலக் கடைகளை வருணிக்கும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மணிகளின் குற்றம், குணம், வகை எனத் துருவித் துருவிப் பேசுகிறது. அங்கும் அது இல்லை. இல்லாமையைக் கொண்டு வாதிடுவது ஆபத்தானது என்பதை அறிவேன். ஆயினும் பல நிறங்களை ஒருங்கே சிந்தும் ஒரு கல்லைக் கையில் வைத்திருந்த மணிநூலார் அத்தனை பேரும் அதைப் பற்றி வாய் திறவாதிருந்தனர் என்று நம்புவது அதனினும் கடினம்.

ஐரோப்பா நெடுங்காலம் அணிந்த ஓபல் இன்றைய கிழக்கு ஸ்லோவாக்கியாவின் துப்னிக் சுரங்கங்களிலிருந்து கிடைத்தது. உரோமர் காலத்துக் கற்களும் அங்கிருந்தே சென்றிருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. 1889இல் டுல்லி வொல்லஸ்டன் ஆஸ்திரேலியக் கற்களை இலண்டனுக்குக் கொண்டுசென்ற பின் துப்னிக்கின் செல்வாக்குச் சரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், இயந்திர அச்சில் வார்த்த நகைகளை வெறுத்த ஆங்கிலக் கைவினை இயக்கத்தாரும், பாரிசில் ரெனே லாலிக்கும் ஓபலை விரும்பி எடுத்தாண்டனர். அது தற்செயலன்று. ஒரு கல்லைப் போல் இன்னொன்று இராத இம்மணிக்கு ஒரே அளவில் வார்த்த சட்டம் பொருந்தாது. கல்லைப் பார்த்தே கூடு செய்ய வேண்டும்.

கல்லின் இயல்பும் கைவேலையையே கேட்கிறது. சிலிக்காவின் நுண்ணிய உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, அவற்றினூடே ஒளி சிதறுவதால் நிறம் தோன்றுகிறது என்பதை ஜே. வி. சாண்டர்ஸ் 1964இல் மின்னணு நுண்ணோக்கி வழியே விளக்கினார். கல்லினுள் நீரும் உண்டு. கடினத்தன்மை மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 வரையே. ஆகவே பொற்கொல்லர் பற்றவைப்பு வேலை முழுவதையும் முடித்த பின்னரே கல்லை இருத்தி, சுற்றியுள்ள மெல்லிய உலோக விளிம்பைக் கையால் சிறிது சிறிதாக அழுத்தி மடிக்கிறார். நெருப்புப் பட்டால் கல் வெடிக்கும்; அழுத்தம் மிகுந்தால் பிளக்கும்.

இந்தியாவில் ஓபலுக்கு உறுதியான வரலாறு ஒன்று உண்டு. அது நம் கண்முன் நிகழ்வது. எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் 2008இல் ஓபல் பெருமளவில் கண்டறியப்பட்ட பின், மரகதம் தீட்டுவதில் பெயர்பெற்ற ஜெய்ப்பூர் அக்கற்களுக்கும் முக்கியமான பட்டறை நகராயிற்று. வொல்லோக் கற்களுள் பெரும்பாலானவை நீரை உறிஞ்சுபவை. நனைந்தால் பளிங்குபோலாகி நிறம் மங்கும், உலர்ந்தால் மீளும். சாணையில் தண்ணீர் விட்டே தீட்டும் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய இடையூறு என்பதை எண்ணிப் பாருங்கள். இந்தி அகராதிகள் ‘தூதியா பத்தர்’, அதாவது பால் போன்ற கல், என்று பெயர் தந்தாலும் கடைத்தெருவில் வழங்குவது ‘ஓபல்’ என்னும் ஆங்கில வடிவமே. பெயரையும் கல்லையும் இருவேறு கடல்வழிகளில் பெற்றுக்கொண்ட இப்பட்டறைகளைப் பற்றி முனைவர்ப் பட்ட ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் எவரேனும் இருப்பின், இறக்குமதிப் பதிவுகளோடு நிறுத்திவிடாமல், இன்று அக்கற்களைத் தீட்டிக்கொண்டிருப்போரின் வாய்மொழியையும் இப்போதே பதிவு செய்யத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.