பலகை நட்டனர், பாதை மறித்தனர்!

ஓர் அறிவிப்புப் பலகை நடுவதற்கு வேண்டுவன யாவை? வைரம் பாய்ந்த மரக்கால்கள் இரண்டு. அவற்றின் குறுக்கே அறைவதற்குப் பலகைகள். குழி வெட்டக் கடப்பாரையும் மண்வெட்டியும். கறையான் ஏறாதிருக்க அடியிலே பூசத் தார். குழியை இறுக்கக் கல்லும் சரளையும். ஆட்கள் இருவர் இருந்தால் அரைநாள் வேலை! இரு பருவ மழையும் பெய்யும் எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒன்றை மறத்தலாகாது: மரக்கால் முதலில் உளுப்பது மண்ணும் ஈரமும் காற்றும் கூடுகின்ற தரைமட்டத்திலேதான். மேலே வண்ணம் மினுமினுக்கும்; கீழே கால் உளுத்துக்கொண்டிருக்கும்.

தச்சுக் கணக்கு இங்கெதற்கு என்பீர்கள். நாஞ்சில் நாடு நெடுங்காலம் அடங்கிக் கிடந்த திருவிதாங்கூரிலே, பலகை நடுவதும் ஆட்சிக் கலையாக விளங்கிற்று, தோழர்களே! வைக்கத்து மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களை நெருங்கும் வழிகளில் நின்றன 'தீண்டல் பலகை'கள். ஈழவரே, புலையரே, தாழ்த்தப்பட்டோரே, இதற்கப்பால் வாராதீர் என்பது அவற்றின் கட்டளை. கோயிலுக்குள்ளே அல்ல, தெருவிலே! நாய் நடக்கலாம், மாடு நடக்கலாம், கிறித்தவரும் இசுலாமியரும் நடக்கலாம். அந்தக் கோயிலின் தெய்வத்தையே தன் தெய்வமென்று கும்பிட்டுக் கிடந்தவன் மட்டும் நடக்கலாகாது!

கேட்டால், தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்றனர் வைதீகர். தொன்மையைச் சற்றே துருவிப் பார்ப்போம். பொதுச் சாலைகள் எல்லாச் சாதியார்க்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865-லேயே அறிவித்தது. 1884-இல் மீண்டும் அதனை வலியுறுத்திற்று. பிறகு எப்படி அடைபட்டன வைக்கத்துத் தெருக்கள்? சொல் விளையாட்டினால்! இராசவீதி வேறு, கிராமவீதி வேறு என்று பிரித்தது உயர்நீதிமன்றம். இராசவீதி அனைவர்க்கும், கோயிலைச் சுற்றிய கிராமவீதி உயர்சாதியார்க்கு. மாந்தனைப் பிரித்தது போதாதென்று மண்ணையும் பிரித்தனர்.

எனக்குப் படுவதைச் சொல்கிறேன். அச்சம் முழுமையாக ஆண்ட காலத்தில் பலகை வேண்டியதில்லை. குரல் கொடுத்து விலகியவனுக்கு எழுத்து எதற்கு? அவன் விலக மறுக்கத் தொடங்கியபோதுதான் மரமும் ஆணியும் தேவைப்படுகின்றன. 1893-இல் புலையர் குலத்து அய்யன்காளி, தடுக்கப்பட்ட சாலையில் வில்லுவண்டி ஓட்டிச் சென்றார். எழுத்தும் அதே மக்களுக்கு எளிதில் கிட்டவில்லை. எங்கள் பக்கத்து மயிலாடியில் 1809-இல் ரிங்கல்தௌபே தேவாலயம் எழுப்பியதும், தொடர்ந்து மிஷன் பள்ளிகள் பெருகியதும் ஒரு திறப்பு. ஆனால் அரசுப் பள்ளியிலே? ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அய்யன்காளி சேர்க்க முயன்றபோது, பள்ளியையே கொளுத்தினர். படிக்க விடமாட்டார்களாம், படித்துத் தெரிந்துகொள் என்று பலகை மட்டும் வைப்பார்களாம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பலகையை இழைக்கும் கையார் கை? தச்சன் கை. மலையாள நாட்டுச் சாதிக் கணக்கில் ஆசாரியும் தொலைவில் நிற்க வேண்டியவனே. அவன் உளி பட்டால் மரத்துக்குத் தீட்டில்லை. அவன் நிழல் பட்டால் நம்பூதிரிக்குத் தீட்டு!

1924 மார்ச் 30. ஊர்வலமாய் வந்த தொண்டர்கள் பலகைக்குச் சற்றுத் தொலைவில் நின்றுகொள்ள, மூவர் மட்டும் முன்னேறினர்: புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர். காவலர் கேட்ட கேள்வி, "உன் சாதி என்ன?" நாயர் போகலாம், மற்றவர் கூடாது என்றனர். தோழர்களை விட்டுப் போகேன் என்றார் பணிக்கர். மூவரும் சிறைப்பட்டனர். இம்மூவர் பெயரையும் மாணவர் மனத்தில் பதிப்பது என்போன்ற ஆசிரியர்களின் கடன்.

மறுநாளும் மூவர்; அதற்கு மறுநாளும் மூவர். பலகை மட்டும் போதாது என்று கண்ட அரசு, தடுப்பு வேலி கட்டிக் காவலரை நிறுத்திற்று. அவ்வாண்டு பெருவெள்ளத்தில் தெரு நீரில் மூழ்கியது. தொண்டர்கள் கழுத்தளவு நீரில் நின்றனர். காவலர் படகில் அமர்ந்து காவல் காத்தனர். சாதியைக் காக்கப் படகு! உலக வரலாற்றில் இப்படியொரு கடற்படை இருந்ததுண்டோ?

தலைவர்கள் சிறைப்பட, அழைப்பை ஏற்று ஏப்ரல் 13-இல் வைக்கம் வந்தார் ஈரோட்டுப் பெரியார். ஊர் ஊராகப் பேசினார். முதலில் அருவிக்குத்தியில் ஒரு மாதச் சிறை. விடுதலையானதும் மீண்டும் களம். மீண்டும் திருவனந்தபுரச் சிறை, இம்முறை கடுங்காவல். நாகம்மையார் பெண்களைத் திரட்டி நின்றார்.

எங்கள் நாஞ்சில் நாடும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் ஓர் அணி 1924 நவம்பரில் தெற்கிலிருந்து திருவனந்தபுரம் நடந்தது. வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் வந்த அணியோடு சேர்ந்தது. உயர்சாதியார் இருபத்தையாயிரவர்க்கு மேல் கையொப்பமிட்ட வேண்டுகோள் மகாராணியிடம் தரப்பட்டது. பயன்? 1925 பிப்ரவரி 7-இல் சட்டமன்றத்தில் தெருத் திறப்புத் தீர்மானம் தோற்றது: ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒற்றை வாக்கு!

அரைநாளில் நடக்கூடிய ஒரு பலகையைக் கடக்க 603 நாள் ஆயின. 1925 நவம்பர் 23-இல் போராட்டம் நிறைவுற்றபோது வடக்கு, தெற்கு, மேற்குத் தெருக்கள் திறந்தன. கிழக்கு மூடியே கிடந்தது. முழு வெற்றியென்று அதை நான் எழுதமாட்டேன்.

வைக்கத்தில் கிடைத்தது சுசீந்திரத்தில் ஏன் கிடையாது என்று 1926-இல் எழுந்தது நாஞ்சில் நாடு. அதே நாயுடு முன்னின்றார். தாணுமாலயன் கோயில் தேர் ஓடும் தெருவில், தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கலாமா என்பதுதான் அங்கும் வழக்கு. தொண்டர்களுக்குத் தடை வந்தது. போராட்டம் ஓய்ந்து, 1930-இல் மீண்டும் மூண்டது. கோயிற் கதவுகளே அனைவர்க்கும் திறக்கும் அறிவிப்பைச் சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்டது 1936 நவம்பர் 12-இல். வைக்கத்துக் கிழக்குத் தெருவும் அன்றுதான் திறந்தது. மற்ற மூன்று தெருக்களுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 11 ஆண்டுகள்.