நடந்தோர் காத்த நெடுவழி

ஒரு காடு பொதுமக்களுக்குரியது என்று சட்டத்தில் எழுதிவிடுதல் எளிது. மக்கள் அதனுட் புகுந்து நடந்து பழகும்போதே அது மெய்யாக அவர்கள் உடைமையாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கீழ்ப்பாகத்தே நெடிது கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மலைக் காடுகளிற் பெரும்பகுதி தனியார் கையில் இருந்தது. மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. வெறுமையான சரிவுகளைத் தீயும் வெள்ளமும் அழித்தன. ஆறுகள் தோன்றும் மலைநிலங்களைக் காக்கும்பொருட்டு 1911ஆம் ஆண்டில் வீக்ஸ் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அரசாங்கம் நிலங்களை விலைக்கு வாங்கித் தேசியக் காடுகளாக்கத் தொடங்கிற்று.

காட்டை மீட்டாயிற்று, அதனுட் செல்ல வழி யாது? 1921 ஒக்டோபரில், வனவியல் அறிஞரான பென்ரன் மக்கேய் என்பார், கட்டடக் கலைஞர் சஞ்சிகையொன்றில் ஒரு கட்டுரை வரைந்தார். மலைமுகடுகள் நெடுகிலும் ஒரு நடைவழி அமைதல் வேண்டும். நகரங்களில் உழைத்துக் களைத்தோர் அங்கே உடலும் உள்ளமும் தேறுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஊதியம் பெறாத தொண்டர்கள் பலர் அப்பணியில் இறங்கினர். தெற்கே ஜோர்ஜியா தொடக்கம் வடக்கே மெயின் வரை, ஏறத்தாழ 2,000 மைல் நீளமான வழி 1937இல் நிறைவெய்திற்று.

அடுத்த ஆண்டே பெரும்புயல் தாக்கிற்று. பின்னர் உலகப்போர் மூண்டது. பேணுவாரின்றி வழி பலவிடங்களிற் புதர் மண்டி மறைந்தது. அதனை முழுவதும் ஒரே பயணத்தில் நடந்து முடித்தல் இயலாதென்றே பலர் எண்ணினர்.

இந்நிலையில், பசிபிக் போர்க்களத்தினின்று மீண்ட ஏர்ள் ஷேபர் என்னும் இளைஞர், 1948 ஏப்ரில் 4ஆந் திகதி தெற்கிலிருந்து புறப்பட்டார். அவ்வழியே தம்முடன் நடக்க விரும்பியிருந்த நண்பரைப் போரில் இழந்தவர் அவர். வழிகாட்டி நூலின்றி, தெருப்படங்களையே துணைக்கொண்டு சென்று, ஓகஸ்ட் 5ஆந் திகதி கற்றாடின் மலையுச்சியை அடைந்தார். அச்செய்தியை முதலில் ஐயுற்றோர், அவருடைய நாட்குறிப்பையும் படங்களையும் கண்டபின்னரே நம்பினர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், எண்பதை அண்மிய வயதிலும் அவர் அவ்வழியை மீண்டும் நடந்து முடித்தார்.

1955இல் எம்மா கேற்வூட் என்னும் அறுபத்தேழு வயது மூதாட்டி தனியே புறப்பட்டார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய் அவர். காலிலே சாதாரண கன்வஸ் சப்பாத்து, தோளிலே தாமே தைத்த பை, கூடாரமும் இல்லை. அவ்வழி முழுவதையும் ஒரே பருவத்தில் தனித்து நடந்த முதற் பெண்மணி அவரே. சீர்கெட்டுக் கிடந்த இடங்களை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் நடையைப் பத்திரிகைகள் நாடெங்கும் பரப்பின.

வழியின் பல பகுதிகள் இன்னும் தனியார் நிலத்தூடே சென்றமையால், வீதிகளும் வீடுகளும் அதனை நெருக்கின. 1968இல் நிறைவேறிய தேசிய நடைவழிச் சட்டம் அதற்குக் காப்பளித்தது. அதன்பின் அந்நிலங்கள் சிறிது சிறிதாக வாங்கப்பட்டன. ஆயினும் சட்டம் புதரை வெட்டாது. இன்றும் ஆண்டுதோறும் தொண்டர்களே வாளும் மண்வெட்டியும் ஏந்திச் சென்று, வீழ்ந்த மரங்களை அகற்றி, வழிகாட்டும் வெள்ளைக் குறிகளைப் புதுக்கி வருகின்றனர்.