மாதவிடாய் நின்ற பின் ரத்தக்கசிவா? கருப்பை வாய்ப் புற்றுநோயின் எச்சரிக்கை அறிகுறிகள்

கொல்கத்தா: கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை, காய்ச்சல் தருவதில்லை, அன்றாட வேலைகளையும் தடுப்பதில்லை. அறிகுறிகள் வெளிப்படத் தொடங்கும்போதும் வெள்ளைப்படுதல், மாதவிடாய்க் கோளாறு, இடுப்புவலி எனப் பெண்கள் பொறுத்துப் பழகிய தொல்லைகளின் உருவிலேயே அவை வருகின்றன. தடுக்கவும், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தவும் இயலும் இந்நோய், பலரிடம் முற்றிய பிறகே கண்டறியப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இது உள்ளது.

நோய் எவ்வாறு உருவாகிறது?

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதையுடன் இணையும் இடமே கருப்பை வாய். இங்கு தோன்றும் புற்றுநோய்க்கு, ஏறக்குறைய எல்லா நேர்வுகளிலும், ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் எனப்படும் எச்பிவி கிருமியின் நீடித்த தொற்றே காரணம். இத்தொடர்பை நிறுவியதற்காக ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பாலுறவின் வழியே பரவும் இந்தக் கிருமி மிகப் பரவலானது. தொற்றுக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோரின் உடல், ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானாகவே நீக்கிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கி, அணுக்களை மெல்ல மாற்றுகிறது. இம்மாற்றம் புற்றுநோயாக வளர வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்ஐவி தொற்று உள்ளோர் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே அது நிகழக்கூடும். புகைப்பழக்கமும் பல முறை குழந்தை பெறுவதும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

கிருமி பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் உடலில் தங்கியிருக்கக் கூடியது. எனவே இந்நோயை ஒரு பெண்ணின் ஒழுக்கத்துடனோ, கணவரின் நடத்தையுடனோ முடிச்சுப் போடுவதற்கு மருத்துவ அடிப்படை இல்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. மாதவிடாய் முற்றிலும் நின்ற பின் ஏற்படும் ரத்தக்கசிவு: ஓராண்டுக்கு மேல் மாதவிடாய் வராதிருந்து, பின்னர் ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் அது 'மீண்டும் வந்த தீட்டு' அன்று. அளவு எவ்வளவு குறைவாயினும் பரிசோதனை தேவை.

2. பாலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு: கருப்பை வாயில் தோன்றும் புண்ணோ, கட்டியோ தொட்டவுடன் ரத்தம் கசியும் தன்மை உடையது. சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கப்படுவதும், மருத்துவருக்கு மிகத் தெளிவான குறிப்பைத் தருவதும் இந்த அறிகுறியே.

3. இரு மாதவிடாய்களுக்கு இடையே ரத்தக்கசிவு: மாதவிடாய் வழக்கத்தைவிட அதிக நாள் நீடிப்பதும், அதிக அளவில் போவதும் இதனுடன் சேர்த்துக் கவனிக்கத் தக்கவை.

4. இயல்புக்கு மாறான வெள்ளைப்படுதல்: நீர்போல் இடைவிடாமல் கசிவது, துர்நாற்றம் வீசுவது, இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ரத்தம் கலந்து வருவது ஆகியவை எச்சரிக்கைக்கு உரியவை. மருந்து உட்கொண்ட பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் கூடுதல் கவனம் தேவை.

5. பாலுறவின்போது வலி; அடிவயிற்றிலோ, கீழ் முதுகிலோ, இடுப்பிலோ நீங்காத வலி.

முற்றிய நிலையின் அடையாளங்கள்

நோய் கருப்பை வாயைக் கடந்து அண்டை உறுப்புகளுக்குப் பரவும்போது அறிகுறிகளின் தன்மை மாறுகிறது. ஒரு காலோ, இரு கால்களுமோ வீங்கலாம். சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் கலந்து வரலாம். சிறுநீர் கழிப்பது கடினமாகலாம். கட்டி சிறுநீர்க் குழாய்களை அழுத்தினால் சிறுநீரகச் செயல்பாடு குன்றலாம். சிறுநீர்ப்பையோ மலக்குடலோ அரிக்கப்பட்டால், சிறுநீரோ மலமோ பிறப்புறுப்பு வழியே கசியலாம். காரணமற்ற எடைக்குறைவும், பசியின்மையும், ரத்தசோகையால் வரும் கடும் சோர்வும் இந்நிலையில் காணப்படுகின்றன.

இவை தோன்றிவிட்டாலும் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. கதிரியக்கமும் மருந்துச் சிகிச்சையும் இணைந்து அளிக்கப்படும்போது, அண்டைப் பகுதிகளுக்குப் பரவிய நோயிலும் கணிசமானோர் குணமடைகின்றனர். எனினும் காலத்தின் வேறுபாடு பெரிது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, நோய் கருப்பை வாய்க்குள் அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் இவ்விகிதம் 20 சதவீதத்தை ஒட்டியே உள்ளது.

எல்லா ரத்தக்கசிவும் புற்றுநோயா?

இல்லை. ஹார்மோன் மாற்றம், கருப்பை நார்க்கட்டி, தீங்கற்ற சதை வளர்ச்சி, நோய்த்தொற்று, கருத்தடைச் சாதனம் ஆகியவற்றாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். பெரும்பாலான நேர்வுகளில் காரணம் புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் காரணம் எது என்பதை அறிகுறியை வைத்து மட்டும் பிரித்தறிய இயலாது. கருப்பை வாயை நேரில் பார்த்தாக வேண்டும்.

இதற்கென மருத்துவர் ஒரு சிறு கருவியைப் பயன்படுத்திச் சில நிமிடங்களில் சோதிப்பார். ஐயம் எழுந்தால் சிறு துணுக்குச் சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார். வயிற்று ஸ்கேன் இயல்பாக இருப்பதை மட்டும் கொண்டு இந்நோய் இல்லை என முடிவுசெய்ய இயலாது; தொடக்க நிலை மாற்றங்கள் ஸ்கேனில் தென்படாமல் போகக்கூடும்.

மருத்துவரிடம் செல்லும்போது, கடைசியாக மாதவிடாய் வந்த நாள், ரத்தக்கசிவு எப்போது, எதன் பின் ஏற்படுகிறது, எத்தனை வாரங்களாக நீடிக்கிறது, முன்பு உட்கொண்ட மருந்துகள் எவை என்பவற்றைக் குறித்துச் செல்வது பயன் தரும். பெண் மருத்துவர் வேண்டும் எனக் கேட்பதிலும், உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதிலும் தவறில்லை.

அறிகுறிக்கு முன்பே கண்டறிய முடியும்

அறிகுறிகளை அறிந்திருப்பது இன்றியமையாதது; அவற்றுக்காகக் காத்திருப்பது ஆபத்தானது. புற்றுநோயாக மாறும் முன்னரே அணு மாற்றங்களைக் கண்டறியும் வழிகள் உள்ளன. கருப்பை வாயிலிருந்து அணுக்களைச் சேகரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது பாப் ஸ்மியர் பரிசோதனை. கிருமி உள்ளதா எனப் பார்ப்பது எச்பிவி பரிசோதனை. மூன்றாவது முறையான விஐஏ மிக எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும்போது, மாற்றம் கண்ட பகுதி வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்ய முடியும்.

30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை விஐஏ பரிசோதனை செய்யலாம் என 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை கூறுகிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2 சதவீதத்திற்கும் குறைவு. மேற்கு வங்கத்தில் 1 சதவீதம்கூட இல்லை. தமிழகத்தில் இது சுமார் 10 சதவீதம்.

இப்பரிசோதனையின் பயனை இந்திய ஆய்வுகளே மெய்ப்பித்துள்ளன. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர் மூலம் ஒரே ஒரு முறை விஐஏ பரிசோதனை அளிக்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவுகளின்படி, பரிசோதனை வழங்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், மாதவிடாய் நின்றவர்களுக்கும் பரிசோதனை தேவையில்லை என்பது தவறான எண்ணம். கருப்பை நீக்கப்பட்டவர்களிலும், கருப்பை வாய் விட்டுவைக்கப்பட்டிருந்தால் சோதனை தேவை.

கொல்கத்தாவின் நீண்ட பங்களிப்பு

இந்நோய்க்கு எதிரான போராட்டத்தில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனையை, 1950 ஜனவரியில் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஐரீன் ஜோலியோ-கியூரி தொடங்கிவைத்தார். அதுவே இன்றைய சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம். அங்கு பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் சுபோத் மித்ரா வகுத்த அறுவை முறை, 'மித்ரா அறுவை சிகிச்சை' என்று அவர் பெயராலேயே உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது.

விஐஏ பரிசோதனையின் துல்லியத்தை அறிய இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடத்தப்பட்டு, 2004இல் முடிவுகள் வெளியான பன்னாட்டு ஆய்விலும் கொல்கத்தா ஒரு களமாக இருந்தது. ஹாஸ்ராவில் இயங்கிவரும் இந்நிறுவனத்தின் இரண்டாம் வளாகம், ராஜர்ஹாட் நியூ டவுனில் 2022 ஜனவரி 7 அன்று திறக்கப்பட்டது.

ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் இத்தகைய மரபுள்ள நகரைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தில், பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மருத்துவமனை இருப்பது மட்டும் போதாது, பெண்கள் நலமாக இருக்கும்போதே அதன் வாயிலை எட்ட வேண்டும் என்பதை இந்த இடைவெளி உணர்த்துகிறது.

தடுப்பூசி

எச்பிவி தடுப்பூசி, தொற்று ஏற்படும் முன் 9 முதல் 14 வயதுக்குள் செலுத்தப்படும்போது மிகுந்த பயன் தருகிறது. புனேவின் சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவாக்' தடுப்பூசி 2023 ஜனவரியில் அறிமுகமானது. இவ்வயதுச் சிறுமியருக்கு ஒரு தவணையும் போதுமானதாக இருக்கலாம் என உலக சுகாதார அமைப்பு 2022 டிசம்பரில் தெரிவித்தது. ஏற்கெனவே உள்ள தொற்றைத் தடுப்பூசி குணப்படுத்தாது. அதைச் செலுத்திக்கொண்டவர்களும் 30 வயதுக்குப் பின் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

எப்போது செல்ல வேண்டும்?

மாதவிடாய் நின்ற பின் ரத்தம் கண்டாலோ, பாலுறவுக்குப் பின் ரத்தம் கசிந்தாலோ, காலம் தாழ்த்தாமல் மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவரை அணுக வேண்டும். துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்குவதைத் தவிர்த்து, பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ரத்தப்போக்கு மிகுந்து மயக்கம் வந்தாலோ, சிறுநீர் முற்றிலும் தடைபட்டாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாத 30 வயது கடந்த பெண்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிசோதனை வசதி குறித்துக் கேட்டறிவது நன்று.